சீட்டுக்கு அடியில் ஒரு வேவுகாரன்

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் ஏதாவது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் சைக்கிள் கொட்டகையை எட்டிப் பாருங்கள். வரிசையாக நிற்பவற்றில் பெரும்பாலானவை ஒரே நிறம், ஒரே கூடை, ஒரே உயரம். எல்லாம் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிகள். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. மாலையில் மணி அடித்ததும் தன் வண்டி எது என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பது ஹேண்டில்பாரில் கட்டிய ரிப்பனை வைத்துத்தான். அல்லது மட்கார்டில் பெயிண்டால் எழுதிய பெயரை வைத்து. திருடனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? ரிப்பனை அவிழ்த்து, பெயரைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டால் அது யாருடைய சைக்கிளாகவும் இருக்கலாம்.

ஒரு பக்கம் வீராணம் ஏரிக்கரை, ஒரு பக்கம் குமராட்சி வழியாகச் சிதம்பரம். இன்னொரு பக்கம் கீழணைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் வேறு மாவட்டம், வேறு காவல் நிலையம். போன சைக்கிளை எந்தத் திசையில் தேடுவது?

கைபேசி தொலைந்தால் தேட வழி இருக்கிறது. சைக்கிளிலும் ஒரு சின்னக் கருவியை ஒளித்து வைத்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று அதையே சொல்ல வைத்தால் என்ன? கேள்வி எளிமையானது. பதிலில் செயற்கைக்கோள், இரும்புக் குழாய், பொத்தான் பேட்டரி, ஊரில் நடமாடும் கைபேசிகள், இந்தியக் குற்றவியல் சட்டம் என்று எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதை உண்மையிலேயே செய்து பார்த்த ஊர் ஆம்ஸ்டர்டாம். 2021-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து சென்சபிள் சிட்டி ஆய்வகமும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 100 சைக்கிள்களில் கருவிகளை ஒளித்து வைத்து, நகரத்தில் ஆங்காங்கே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சில மாதங்களில் 70 சைக்கிள்கள் போய்விட்டன. ஆய்வு முடிவு 2023-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. திருட்டு சைக்கிள் எல்லை தாண்டி வேறு நாட்டுக்குப் போகிறது, லாரி லாரியாக ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் அங்கே பேச்சு உண்டு. கருவிகள் காட்டிய படம் வேறு. திருடு போனவற்றில் ஏறத்தாழ எல்லாமே நகரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பகுதி மட்டும் குறிப்பிட்ட சில இடங்களையே திரும்பத் திரும்பத் தொட்டுச் சென்றதால், பின்னால் ஒரு வலைப்பின்னல் இருக்கலாம் என்று தெரிந்தது. மற்றபடி ஒரு தெருவில் காணாமல் போனது இன்னொரு தெருவில் யாரையோ வேலைக்குச் சுமந்துகொண்டிருந்தது.

எனக்கு இது வியப்பாக இல்லை. பழைய சைக்கிளை வண்டி பிடித்து நூறு கிலோமீட்டர் கொண்டுபோனால் வாடகைக்கே கட்டாது. இந்தக் கணக்கு ஆம்ஸ்டர்டாமுக்கும் ஒன்றுதான், ஆணைக்காரன்சத்திரத்துக்கும் ஒன்றுதான்.

இருப்பிடம் எப்படித் தெரிகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த அலை நம் தலைக்கு வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்று அளந்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றும் வந்துவிடும். நான்காவது எதற்கு என்றால், கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்திக்கொள்ள. அந்தக் கடிகாரம் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும்.

வந்து சேரும் அலை எவ்வளவு பலவீனமானது என்பதுதான் இதில் பெரிய அதிசயம். ஒரு வாட் ஆற்றலை நூறு கோடி கோடிப் பங்குகளாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கருவியின் சொந்த மின்னணு இரைச்சலே இதைவிடப் பெரிது. அப்படியும் அது காதில் விழுகிறதென்றால், ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துடிப்புகள் கொண்ட தனக்கேயான ஒரு வரிசையை நொடிக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்ப அனுப்புவதால்தான். தேர்த் திருவிழா இரைச்சலில் நம் பெயரை யாராவது கூப்பிட்டால் அது மட்டும் தனியாகக் கேட்கிறதே, அந்த மாதிரி. கருவிக்கு அந்த வரிசை மனப்பாடம். இரைச்சலுக்குள் அதைத் தேடி எடுத்துக்கொள்கிறது.

இந்தியாவும் இதே வேலைக்குச் சொந்தமாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. நாவிக் என்று பெயர். 2013 ஜூலையிலிருந்து 2016 ஏப்ரல் வரை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏழு செயற்கைக்கோள்கள் இதற்காக ஏவப்பட்டன. 2023 மே 29-இல் போன என்.வி.எஸ்.-01 நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. கைபேசிகளும் சிறு கருவிகளும் எளிதாக வாங்கிக்கொள்ளக்கூடிய அலைவரிசையையும் அது சேர்த்துக்கொண்டது.

கருவிக்குத் தன் இடம் தெரிந்துவிட்டது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? பலர் தவறவிடுவது இங்கேதான். ஜி.பி.எஸ். என்பது கேட்கும் காது மட்டும். அதற்கு வாய் கிடையாது. செயற்கைக்கோளுக்கு உங்கள் சைக்கிள் இருப்பதே தெரியாது. கண்டுபிடித்த இடத்தைச் சொல்ல ஒரு சிம் கார்டு வேண்டும், கைபேசிக் கோபுரம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும்.

காரிலும் பஸ்ஸிலும் இது ஒரு பிரச்சினையே இல்லை. பெரிய பேட்டரி இருக்கிறது. சைக்கிளில் என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைக்கடிகாரத்திலும் கார் சாவியிலும் போடுகிற சி.ஆர்.2032 பொத்தான் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. செயற்கைக்கோளைக் கேட்கும் சில்லு 25 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒன்பது மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சிம் வழியாகப் பேசுவதற்கோ பழைய ஜி.எஸ்.எம். சில்லுகள் கண நேரத் துடிப்பாக இரண்டு ஆம்பியர் வரை கேட்கும். பொத்தான் பேட்டரியால் அதைத் தரவே முடியாது. அதனால் சிம் போட்ட கருவிகள் எல்லாம் சார்ஜ் ஏற்றும் பேட்டரியோடு பெரிதாக இருக்கின்றன. நல்ல கருவி என்றால் உள்ளே அசைவை உணரும் சில்லு ஒன்று விழித்திருக்கும்; சைக்கிள் நகர்ந்தால் மட்டும் மற்றவற்றை எழுப்பும். அப்படி இருந்தும் சில வாரங்களுக்கு ஒரு முறை சார்ஜ் போட வேண்டிவரும். ஒளித்து வைத்த பொருளை அடிக்கடி வெளியே எடுத்தால் அப்புறம் என்ன ஒளிவு?

அப்பா காலத்துச் சைக்கிள்களில் பின் சக்கரத்தை உரசி ஓடும் டைனமோ ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? ஆறு வோல்ட், மூன்று வாட். அதிலிருந்து கருவிக்குச் சார்ஜ் ஏற்றினால், திருடன் மிதிக்க மிதிக்க வேவுகாரனுக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். இப்படி ஒரு கருவியை நம் ஊர்ப் பாலிடெக்னிக் பிள்ளைகள் யாராவது செய்து பார்க்கலாம். பெரிய செலவும் ஆகாது.

அடுத்த சிக்கல் ஒளித்து வைக்கும் இடம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சீட்டுத் தண்டு இறங்கும் குழாய். சீட்டைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது, கைபேசிக்கும் தெரியாது. நம் ஊர்ச் சைக்கிளில் அந்தக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். இவ்வளவு குறுகிய உலோகக் குழாய்க்குள் சுமார் 7 ஜிகாஹெர்ட்ஸுக்குக் குறைவான எந்த ரேடியோ அலையும் ஓட முடியாது. புளூடூத் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். ஜி.பி.எஸ். சுமார் 1.6. கைபேசி அலைகள் பலவும் அதற்கும் கீழே. குழாய்க்குள் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே புளூடூத் அலையின் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஐந்து சென்டிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், குழாயின் அகலம் இரண்டரை. நுழைய இடமில்லை, அவ்வளவுதான்.

ஆக, திருடனின் கண்ணுக்குத் தப்ப வேண்டும், ஆனால் அலைக்குத் திறந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் சைக்கிளில் சிலவே. சீட்டின் ரெக்சினுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கொஞ்சம் இடம் இருக்கிறது. பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக். அதன் உள்ளே வைக்கலாம். ஹேண்டில்பார் முனையில் கைப்பிடி ரப்பருக்குள், குழாய் வாயை ஒட்டி வைத்தால் ஓரளவு தேறும். வெளிநாட்டில் விற்கும் கருவிகளில் சில ரிஃப்ளெக்டர் வடிவத்திலும், சில ஹேண்டில்பாருக்குள் செருகும் வடிவத்திலும் வருவது இதனால்தான். நாலு சைக்கிள் பிரித்தவனுக்கு இந்த இடங்கள் எல்லாம் தெரிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிம்மும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம் என்று இன்னொரு வகை வந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் வெளியிட்ட ஏர்டேக் என்ற வில்லை அந்த வகை. கூகுளின் வலையில் இயங்கும் ஜியோடேக் கோ 2024 டிசம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இவற்றுக்குள் ஜி.பி.எஸ். கிடையாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இவை செய்வது ஒன்றே ஒன்று: புளூடூத்தில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குறியீட்டை விடாமல் முணுமுணுப்பது. அவ்வழியே போகும் முகமறியாத ஒருவரின் கைபேசி அதைக் கேட்கிறது, தன் ஜி.பி.எஸ். காட்டும் இடத்தைப் பூட்டுப் போட்ட செய்தியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. பூட்டைத் திறக்கும் சாவி உரிமையாளர் கைபேசியில் மட்டும். நடுவில் இருப்பவருக்குத் தன் கைபேசி இப்படி ஒரு வேலை பார்த்ததே தெரியாது. சுமக்கும் வேலை எல்லாம் அடுத்தவர் பேட்டரிக்கு என்பதால் ஒரு பொத்தான் பேட்டரியே ஏறக்குறைய ஓராண்டு தாங்குகிறது. வருடத்துக்கு 8,760 மணி. வகுத்துப் பார்த்தால் சராசரியாக 25 மைக்ரோ ஆம்பியர், ஜி.பி.எஸ். சில்லு குடிப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் இது கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் கருவி. சென்னை தியாகராய நகரில் ஒரு நிமிடத்தில் நூறு கைபேசிகள் கடந்து போகும். காட்டுமன்னார்கோயில் பேருந்து நிலையத்திலும் பரவாயில்லை. வீராணம் கரையில், வயலை ஒட்டிய ஒரு கொட்டகையில் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தால்? அங்கே ஐபோன் வைத்திருப்பவர் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? ஆண்ட்ராய்டு உண்டு, எல்லோர் கையிலும் உண்டு. ஆனால் கூகுள் தன் வலையை, ஆட்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டும் பேசும்படி அமைத்துக் கொடுக்கிறது. பல கைபேசிகள் ஒரே குறியீட்டைக் கேட்டால்தான் இடத்தைச் சொல்லும். எல்லா இடத்திலும் பேசு என்று ஒவ்வொருவரும் தன் கைபேசியில் போய் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை பேர் மாற்றுவார்கள் என்பதை வாசகரே ஊகிக்கலாம். பெருநகரத்துக்காகத் தைத்த சட்டை கிராமத்துக்குத் தொளதொளவென்று இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இந்த வில்லைகளைப் பெண்களின் பைகளிலும் கார்களிலும் ஒளித்து வைத்துப் பின்தொடரும் கயவர்கள் கிளம்பினார்கள். அதனால் 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. உங்களுடையதல்லாத வில்லை ஒன்று உங்களோடு நகர்ந்தால் உங்கள் கைபேசி எச்சரிக்கும். உரிமையாளரைப் பிரிந்து வெகுநேரமானால் வில்லை தானே சத்தமும் போடும். அவசியமான காப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் "உங்கள் கூடவே ஒரு வேவுகாரன் வருகிறான்" என்ற அந்தச் செய்தி சைக்கிள் திருடனின் கைபேசிக்கும் போகும். யார் பாதிக்கப்பட்டவர், யார் திருடன் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? மனித உயிருக்கும் சைக்கிளுக்கும் இடையே தேர்வு வந்தால் இந்தத் தீர்ப்பே சரி. இவற்றைச் செய்பவர்களும் சாவி, பை, பெட்டி தேடத்தான் விற்கிறார்கள். திருடனைப் பிடிக்க என்று விற்பதில்லை.

இத்தனையும் தாண்டி வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் பிழை ஐந்து மீட்டருக்குள் இருக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே, சுவர்களில் மோதித் திரும்பும் அலையில், பத்து, இருபது மீட்டர் சாதாரணம். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் பத்து மீட்டர் என்பது இரண்டு மூன்று வீடு. எதிர்ச்சாரியையும் சேர்த்தால் ஐந்தாறு வீடுகள் சந்தேகத்தில் வரும். புள்ளியை மட்டும் நம்பி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் ஒன்றும் அறியாத கிழவராகவும் இருக்கலாம். ஊர்ப் பகை, சாதிப் பகை எல்லாம் கனன்றுகொண்டிருக்கும் மண்ணில் இது விளையாட்டுக் காரியமில்லை. தனியாகப் போகவே கூடாது.

அப்படியானால் போலீஸ். இங்கே விஞ்ஞானத்தை விட்டுச் சட்டத்துக்குள் நுழைகிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. அதில் புதிதாக ஒரு விதிவிலக்கு. திருடு போன பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே, திருடியவர் முதன்முறை தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. சிறு திருட்டுக்குச் சிறை வேண்டாம் என்ற மனிதாபிமானம் நல்லதுதான். ஆனால் அத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது: இந்தச் சிறு திருட்டு, நீதிபதியின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாத குற்றங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது.

அரசு வாங்கிக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளின் கொள்முதல் விலையே ஐயாயிரத்தை ஒட்டித்தான். அதாவது புத்தம்புது அரசு சைக்கிள் திருடு போனாலும், சட்டத்தின் எழுத்துப்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் நின்றுவிடக்கூடும். சான் பிரான்சிஸ்கோ போலீஸ் இதற்கு நேர் எதிராக ஒரு தந்திரம் செய்தது. ஜி.பி.எஸ். ஒளித்த சைக்கிள்களைத் தெருவில் தூண்டிலாக நிறுத்தி வைத்தபோது, வேண்டுமென்றே விலை உயர்ந்த சைக்கிள்களாகப் பார்த்து வைத்தார்கள். 950 டாலருக்கு மேல் போனால்தான் கலிபோர்னியாவில் அது பெருங்குற்றம். தூண்டிலின் விலையைச் சட்டம் நிர்ணயித்தது. நம் பதினோராம் வகுப்புப் பிள்ளையின் சைக்கிளுக்கு அந்த யோகம் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்து பள்ளிக்கு வரும் ஒரு பெண்ணுக்கு அந்த வண்டி போனால் படிப்பே நின்றுபோகலாம். அந்த இழப்பை ஐயாயிரம் என்ற கோடு அளக்கவில்லை. இதைச் சட்டம் எழுதியவர்கள் மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கைபேசி மீட்பு ஏன் நடக்கிறது என்று பார்த்தால், சைக்கிள் மீட்பு ஏன் நடப்பதில்லை என்பதும் புரியும். ஒவ்வொரு கைபேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. 2023 மே முதல் நாடு முழுவதும் செயல்படும் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால், வேறு சிம் போட்டு யார் இயக்கினாலும் வலை காட்டிக்கொடுக்கும். மாவட்டந்தோறும் எஸ்.பி. அலுவலகங்களில் மீட்ட கைபேசிகளை அடுக்கி வைத்து உரியவர்களிடம் கொடுப்பதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். அங்கே "எங்கே" என்ற கேள்விக்கும் "யாருடையது" என்ற கேள்விக்கும் ஒரே எண் பதில் சொல்கிறது. சைக்கிளில் ஒளித்த கருவி முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்த மறுநிமிடம் அந்தப் பதிலும் போய்விடும். பிறகு காயலாங்கடையில் உங்கள் சைக்கிளையே கண்ணால் கண்டாலும், அது உங்களுடையது என்று எப்படிச் சொல்வீர்கள்?

சைக்கிளுக்கும் எண் உண்டு. பெடல் அச்சு நுழையும் குழலின் அடியிலோ, சீட்டுத் தண்டுக்குக் கீழே ஃபிரேமிலோ இரும்பில் அடித்திருப்பார்கள். அதற்குப் பேட்டரி வேண்டாம், கோபுரம் வேண்டாம். அரத்தால் ராவினால்தான் போகும். ராவிய தடமே சாட்சி. ஒரு காலத்தில் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தகட்டு வில்லை கொடுத்தன. வில்லை இல்லாமல் ஓட்டினால் பிடிப்பார்கள் என்ற பயமும் இருந்தது. தொல்லை என்று நினைத்து ஒழித்துவிட்டோம். வரி வேண்டாம், பதிவேடாவது இருந்திருக்கலாம். விலையில்லா சைக்கிள் கொடுக்கும் நாளிலேயே ஃபிரேம் எண்ணையும் மாணவர் பெயரையும், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்தில் ஏற்றிவிடுவது பள்ளிக்கல்வித் துறைக்குப் பெரிய வேலையா? பழைய சைக்கிள் வாங்கும் கடைக்காரர் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கினால், பாதித் திருட்டுக்குச் சந்தையே இருக்காது.

தொலைந்துபோன நாலாயிரம் பாசுரங்களை மீட்டுக் கொடுத்தவர் என்று வைணவ மரபு போற்றும் நாதமுனிகள் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோயில். அவர் கையில் முதலில் சிக்கியது பத்தே பாட்டு. மீதியைத் தேடிப் போக அதுவே போதுமான பிடியாக இருந்ததாம். சைக்கிளைத் தேடிப் போகவும் ஒரு பிடி வேண்டும்.

பணம் இருப்பவர்கள் கருவி வாங்கி ரிஃப்ளெக்டருக்குள் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புள்ளி காட்டினால் அதைப் படம் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். நீங்களே கதவைத் தட்டாதீர்கள். ஆனால் அதற்கு முன்னால், இன்று மாலையே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் படிந்த சேற்றைத் துடைத்து, அந்த எண்ணைக் கைபேசியில் படம் எடுங்கள். சைக்கிளோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்றும், கடை பில்லும் அதோடு இருக்கட்டும். பிள்ளைக்கு அரசு சைக்கிள் வந்திருந்தால் எண்ணை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.